கையுறைக்காரரின் முகம்

"இவர் என்னுடைய ஆளே இல்லை" என்று ஆங்கிலத்தில் அடித்துச் சொன்னார் கிளிபோட். "என்னுடைய ஆளை யாரோ களவெடுத்துவிட்டு, அந்த இடத்தில் இவரை வைத்திருக்கிறார்கள்."

துப்பறிவாளர் வாகீசன் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். அங்கே நாலடி உயரத்தில் ஒரு படம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பெரிய கறுப்புத் தொப்பி. கழுத்தைச் சுற்றி அப்பளம் அடுக்கினதுபோல வெள்ளைக் கொலர். இரண்டு கைகளிலும் பூவேலை செய்த தோல் கையுறை. நடுவிலே வெள்ளை வெளேரென்று ஒரு முகம். நானூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பியக் கனவான் ஒருவர் ஸ்காபரோவில் ஒரு மாடி அலுவலகத்துக்கு வந்து, கீழே கொத்துரொட்டி அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"வடிவான ஆள்தான்" என்றாள் உதவியாளர் சுபாங்கி, தமிழில். "நாளைக்குக் கலியாணம் எண்ட மாதிரி ஒரு மினுக்கம்."

வாகீசன் அவளை முறைத்தார். நாலு வருடமாக அவரிடம் வேலை செய்கிறாள். முறைத்து முறைத்து அவருக்குக் கண் நோ கண்டதுதான் மிச்சம். அவள் வாய் மூடியதாகச் சரித்திரம் இல்லை.

கிளிபோட்டுக்கு எழுபத்தொரு வயது. ஜமேக்காவில் பிறந்து, ஸ்காபரோ வீதிகளில் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் மீன் பிடிப்பார்கள், மாரிக்கு புளோரிடா போவார்கள். இந்த மனிதர் வருடா வருடம் ஐரோப்பாவுக்குப் போய்ப் பழைய தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளுக்குள் மூக்கை நுழைத்தார். அந்தக் காலத்தில் அந்த ஊர்களில் வாழ்ந்த கறுப்பு மனிதர்களைத் தேடினார். எக்காளம் ஊதியவர், துணி வெளுத்தவள், மாலுமி, பட்டு நெய்தவர். ஆளுக்கு ஒரு வரி, சிலருக்கு அரை வரி. பெயரும், பக்கத்தில் 'கறுப்பர்' என்றொரு சொல்லும் இருக்கும். படித்த பெரிய மனிதர்கள் எல்லாரும் அந்த வரிகளைத் தாண்டிப் போயிருந்தார்கள். பஸ் ஓட்டினவர் ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி ஏற்றிக்கொண்டு வந்தார்.

"அந்தோனி" என்றார் கிளிபோட். "ஒல்லாந்தில் மிடல்பேர்க் என்ற ஊர். கையுறை தைக்கிறவர். சொந்தக் கடை, நாலு பிள்ளைகள். பதினொரு வருடம் தேடி அவருடைய படத்தைக் கண்டுபிடித்தேன். எங்கே தெரியுமா? இங்கே, ஒஷாவாவில். ஒரு டச்சுக் கிழவியின் சமையலறையில், அடுப்புக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தார். போட்டோ எடுக்க விட்டாள். அடுத்த மாரியில் அந்த வீடு எரிந்துபோனது, படமும் போனது. என்னுடைய கொம்பியூட்டரும் செத்த பிறகு, அந்தோனியின் முகம் உலகத்தில் ஒரேயொரு யூஎஸ்பியில்தான் இருந்தது."

"இப்ப?"

"நேற்று உங்கள் தமிழ்ச் சமூக மண்டபத்தில், கமிற்றிக்கு முன்னால், அச்சடித்த படத்தைப் பொதி பிரித்தேன். உள்ளே இவர். யூஎஸ்பியைப் போட்டுப் பார்த்தால் அதற்குள்ளும் இவர்."

நாளைக் காலை அந்தச் சமூக மண்டபத்தில் அவருடைய கண்காட்சி தொடங்க வேண்டும். நூற்றியிருபது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள். இன்று மாலை ஐந்து மணிக்குள் உண்மையான படத்தைக் காட்டாவிட்டால் கண்காட்சி ரத்து என்றது கமிற்றி. இந்த மனிதர் சரித்திரத்தைப் புனைகிறவர் என்று பள்ளிக்கூடங்களுக்குக் கடிதமும் போகும். அப்போது மணி இரண்டரை.

"என்னைப் பொய்யன் என்றால் தாங்குவேன்" என்றார் கிளிபோட். "ஆனால் அந்தோனி இருந்ததே இல்லை என்று சொல்லிவிடுவார்களே."

வாகீசன் பத்து வருடம் இன்சூரன்ஸ் கொம்பனிகளுக்காகப் பொய் விபத்துகளைப் பிடித்தவர். யார் எதைச் சொன்னாலும் முதலில் பொய்யாகவே அவர் காதில் விழும். கிழவர் தானே கதை கட்டி, தானே மாட்டிக்கொண்டாரோ என்று அவருக்கு ஒரு எண்ணம் ஓடியது. அதைச் சோதிக்கத்தான் கமிற்றித் தலைவர் இராஜரட்ணத்துக்குப் போன் போட்டார். கை வேறு வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். அதுதான் பிழை.

"ஐயா, வாகீசன் கதைக்கிறன். கிளிபோட்டின்ர பட விசயமா..."

"தம்பி, உமக்கு வேற வேலை இல்லையே? வெள்ளைக்காரன்ர படத்தைக் கொண்டந்து வைச்சுக்கொண்டு கறுப்பெண்டு சொல்லுது உந்தக் கறுவல். எங்களை விசரர் எண்டு நினைச்சுதோ?"

வாகீசன் பாய்ந்து போனை அமத்தினார். பிந்திவிட்டது. 

"'கறுவல்', அந்தச் சொல் எனக்குத் தெரியும்" என்றார் கிளிபோட், கோபமே இல்லாமல். "முப்பத்தொரு வருடம் உங்கள் ஆட்களை ஏற்றி இறக்கியவன் அல்லவா? ஏறும்போது எனக்குக் குட் மோர்னிங் சொல்லுவார்கள். பின் சீற்றுக்குப் போனதும் அந்தச் சொல் கேட்கும்."

வாகீசனுக்குக் காது சுட்டது. போன கிழமை பார்க்கிங் தகராறு ஒன்றில் அதே சொல் அவர் வாயிலிருந்தும் வந்திருந்தது. 'சொறி' என்று சொல்ல வாயெடுத்தார். யாருக்காகச் சொல்வது, எத்தனை பேருக்காகச் சொல்வது என்று தெரியாமல் மேசையில் கிடந்த பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார், பிறகு பூட்டினார்.

நல்லகாலம், சுபாங்கி அந்த நேரம் படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து போன் லைற்றை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, இவற்ற காதைப் பாருங்கோ."

தொப்பிக்கும் கொலருக்கும் நடுவே ஒரு காது, அரைவாசி தெரிந்தது. அது நல்ல கடும் மண்ணிறத்தில் இருந்தது.

"முகம் ஒராளின்ர, காது இன்னொராளின்ர" என்றாள் சுபாங்கி.

"அப்ப தலையை மாத்தி ஒட்டியிருக்கிறாங்கள்."

"தலையை ஒட்டினவன் காதை ஏன் விட்டவன்? வாடகைக்கோ?"

வாகீசன் கிளிபோட்டைப் பார்த்தார். "படத்தைப் பார்த்த அன்று ஏதாவது எழுதி வைத்தீர்களா?"

கிளிபோட் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். ஒஷாவாச் சமையலறையில் இருந்து பென்சிலால் கீறிய முகம் அதில் இருந்தது. சித்திரம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனால் பஸ்காரர் கண்ணாடியில் ஆட்களைப் பார்த்துப் பழகினவர், ஒன்றையும் தவறவிடவில்லை. அகன்ற மூக்கு. தடித்த உதடு. ஒரு புருவம் மற்றதைவிடக் கொஞ்சம் உயர்ந்திருந்தது. இடக் கண்ணுக்குக் கீழே ஒரு தழும்பு.

வாகீசன் கொப்பியைப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். அதே மூக்கு. அதே உதடு. அதே உயர்ந்த புருவம். தழும்பு மட்டும் இல்லை.

"ஆள் மாறேல்லை, சுபாங்கி" என்றார் மெதுவாக. "இது அந்தோனிதான். ஆளைக் கழுவி எடுத்திருக்கு."

"தழும்பு போட்டுது. கன்னத்தில றோஸ் ஏறியிருக்கு. கண்ணுக்குள்ள பாருங்கோ, பளபளக்க ரெண்டு வெள்ளைப் புள்ளி." சுபாங்கி எழுந்து முழங்காலைத் தட்டினாள். "நான் வந்த உடன சொன்னனான், மாப்பிள்ளை மினுக்கம் எண்டு. சொன்னால் முறைக்கிறியள்."

வாகீசன் கொப்பியை மூடினார். "மிஸ்டர் கிளிபோட், இதை எங்கே அச்சடித்தீர்கள்?"

"பிளாஸாவில். கண்ணாடியில் மணப்பெண்களின் படம் ஒட்டிய ஸ்ரூடியோ. அதற்கு முன்னால்தான் என் பஸ் நிற்கும். முதலாளி ஒவ்வொரு நாளும் கை காட்டுவார், நானும் காட்டுவேன். வேறு யாரிடம் கொடுப்பேன்?"

அவர் மண்டபத்துக்குப் போய் இருக்கப்போவதாகச் சொல்லி, படத்தையும் தூக்கிக்கொண்டு எழுந்தார். பயந்து ஓடிவிட்டதாகக் கமிற்றி நினைக்கக்கூடாதாம்.

*

ஸ்ரூடியோக்காரர் ஸ்ரீஸ்கந்தராசாவை ஸ்காபரோத் தமிழருக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள், பெரியபிள்ளையாகிற சாமத்தியச் சடங்கு, கலியாணம், அறுபதாம் கலியாணம் என்று பாதிச் சனத்தின் அல்பம் அவர் கையால் போனதுதான். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, மூன்று கொம்பியூட்டர்களுக்கு நடுவே இருந்தார். வாகீசனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"பஸ் ஓடின மனிசன்ர படமோ? ஓம் ஓம், அது நான்தான், என்ர கையால செய்தனான். எப்பிடி, திறமா வந்திருக்கோ?"

மறைப்பதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. குற்றவாளி பெருமைப்பட்டுக்கொண்டு நிற்கிற கேஸ் ஒன்றை வாகீசன் இதுவரை கண்டதில்லை.

"ஐயா, முகத்தை வெள்ளையாக்கச் சொல்லி ஆர் சொன்னது?"

"உதை ஆரும் சொல்லவேணுமே? இஞ்ச வாற முகம் எல்லாம் மூண்டு படி வெளிச்சம் கூட்டித்தான் வெளிய போறது. கூட்டாட்டித்தான் சண்டைக்கு வருவினம்." ஸ்ரீஸ்கந்தராசா கதிரையை இழுத்துப் போட்டார். "இது பழைய காலத்துப் படம். புகை பிடிச்சு முகம் கறுத்துப் போச்சாக்கும் எண்டு நினைச்சன். வெள்ளைக்காரன்ர தொப்பி, வெள்ளைக்காரன்ர கொலர். உதுக்குள்ள கறுத்த முகம் எப்பிடி வரும்? பாவம், அந்த மனிசன் எனக்கு எத்தினை வருசமாக் கை காட்டினவர் எண்டு போட்டு, ஏழு படி ஏத்திக் கழுவி எடுத்தன். தழும்பையும் எடுத்துவிட்டன். அதுக்கெண்டு ஒரு சதம் கூட வாங்கேல்லை."

"அது புகை இல்லை ஐயா" என்றார் வாகீசன். "அதுதான் அவற்ற முகம்."

ஸ்ரீஸ்கந்தராசா நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினார். விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் அவர் கை தன்னால் வாய்க்குப் போனது. "ஐயோ" என்றார். "ஐயோ, நான் நன்மை எண்டெல்லே செய்தனான்."  

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

"முதல் படம் இருக்கோ ஐயா? யூஎஸ்பியில இல்லை."

"யூஎஸ்பியில அதுக்கு மேலாலயே சேவ் பண்ணிக் குடுத்திட்டன். வாடிக்கையாளருக்கு நல்லது இருக்கட்டும் எண்டு எப்பவும் அப்பிடித்தான் செய்யிறது." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனால் இருக்கும். முந்தியெண்டால் கிழமைக்குக் கிழமை அழிச்சுப்போடுவன். போன வருசத்தில இருந்து ஒரு ஒரிஜினலையும் அழிக்கிறேல்லை."

வாகீசனுக்கு உயிர் வந்தது. தொழில் புத்தி, கேட்காமல் விடவில்லை. "போன வருசம் என்ன நடந்தது?"

ஸ்ரீஸ்கந்தராசா சுபாங்கியைப் பார்த்தார். "தங்கச்சி, கொஞ்சம் வெளியால..."

"அவ இருக்கட்டும். சொல்லுங்கோ."

"ஒரு பிள்ளை வந்தது, பஸ்ஸில, தனிய. தன்ர சாமத்தியவீட்டுப் படத்தின்ர ஒரிஜினல் வேணுமாம். இருவத்திரண்டு வருசத்தில வெள்ளையாக்கினது வேண்டாம் எண்டு கேட்ட ஒரேயொரு ஆள். அழிச்சுப்போட்டனே பிள்ளை எண்டன். உந்தக் கதிரையில அரை மணித்தியாலம் இருந்தது. அழேல்லை. 'அப்ப நான் எப்பிடி இருந்தனான் எண்டு ஒரு இடத்திலயும் இல்லையா அங்கிள்?' எண்டு மட்டும் கேட்டது. அதுக்குப் பிறகு எனக்கு அழிக்க மனம் வரேல்லை."

"ஆற்ற பிள்ளை?"

ஸ்ரீஸ்கந்தராசா கொம்பியூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "உங்கட மகள் அட்சயாதான்."

வாகீசன் அந்தக் கதிரையைப் பார்த்தார். சாதாரணக் கறுப்புக் கதிரை, ஒரு கைப்பிடியில் ரேப் சுற்றியிருந்தது. மூன்று வருடத்துக்கு முன் இதே கவுண்டரில் சாய்ந்து நின்றுதான் அவர் சொன்னார்: "மண்டப வாசலில வைக்கிற படம் ஐயா, நாலு சனம் பாக்கும். பிள்ளையை இன்னும் ரெண்டு படி ஏத்திவிடுங்கோ." சொல்லிவிட்டுச் சிரித்தும் இருந்தார். அன்று சடங்குக்கு வந்த சனமெல்லாம் வாசலில் நின்று, 'என்ன வடிவு' என்று சொல்லச் சொல்ல, அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் தான் பெற்ற பிள்ளை கறுத்த முகத்தோடு நின்றதை அவர் அன்று பார்க்கவே இல்லை. இப்போது முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. வெட்கம் அவரைப் பிடித்துத் தின்றது.

"அண்ணை" என்றாள் சுபாங்கி, அவர் கேட்டறியாத ஒரு மெல்லிய குரலில். "நேரம் போகுது."

திரையில் அந்தோனி வந்தார். கறுப்பு மனிதர், காதின் அதே கடும் மண்ணிறம். கண்ணுக்குக் கீழே தழும்பு. கண்ணில் புள்ளி கிள்ளி ஒன்றுமில்லை, அவருடைய சொந்த வெளிச்சம் மட்டும் இருந்தது. ஒரு புருவத்தை உயர்த்திக்கொண்டு, தான் தைத்த கையுறையை நீட்டி, இதில் ஒரு பிழை கண்டுபிடி பார்ப்போம் என்று கேட்கிறவர்போல நின்றார்.

*

மண்டபத்துக்குள் போகும்போது ஐந்துக்கு ஏழு நிமிடம். நீள மேசையில் கமிற்றி ஐந்து பேர். சுவரோரத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு கிளிபோட். அந்த வெள்ளை முகப் படம், சான்றுப் பொருள் போல, பக்கத்தில் சாய்ந்து நின்றது.

வாகீசனும் சுபாங்கியும் ஈரம் காயாத புதுப் படத்தை மேசைக்கு முன்னால் நிமிர்த்தினார்கள்.

கிளிபோட் எழுந்து கிட்ட வந்தார். நெடுநேரம் பார்த்தார். "வந்துவிட்டாயா" என்று ஆங்கிலத்தில் சொன்னார், பஸ்ஸுக்குப் பிந்தி ஓடிவந்த ஆளிடம் சொல்வதுபோல. பிறகு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

இராஜரட்ணம் எழுந்து வந்து இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஓய்வு பெற்ற அதிபர், முட்டாள் இல்லை. இது எங்கே நடந்திருக்கும் என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. வாகீசனின் முழங்கையைப் பிடித்து ஒரு பக்கம் இழுத்தார்.

"தம்பி, கொம்பியூட்டர் பிழை எண்டு சொல்லிவிடும். கண்காட்சி நடக்கட்டும். எங்கட ஆக்களின்ர மானமெல்லே?"

நல்ல யோசனைதான். யாருக்கும் நட்டமில்லை. வாகீசன் ஒரு கணம், ஒரேயொரு கணம், அதை எடுத்துக்கொண்டார். சுபாங்கி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் முழங்கையை விடுவித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னார்.

"மெசினில் பிழை இல்லை. எங்கள் ஆள் ஒருவர் இந்த முகத்தை அழுக்கு என்று நினைத்துக் கழுவியிருக்கிறார். கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, உபகாரமாகச் செய்தார். எங்கள் வழக்கம் அது. என் சொந்த மகளின் படத்தையும் அப்படிச் செய்யச் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். இன்னொன்று, மிஸ்டர் கிளிபோட். இன்று இரண்டரை மணிக்கு நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நானும் நினைத்தேன். உங்கள் முன்னால் போனில் கேட்டதே ஒரு சொல், அதை நானும் சொல்லுகிறவன்தான்."

இராஜரட்ணம் தலையைக் குனிந்தார். கமிற்றியில் ஒருவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, குடிக்காமல் மூடினார்.

"ஸ்ரூடியோக்காரரா?" என்று கேட்டார் கிளிபோட்.

"ஓம்."

"உபகாரமாகவா?"

"ஓம். காசு கூட வாங்கவில்லை."

கிளிபோட் தலையை ஆட்டினார். சத்தம் போட்டிருந்தால் வாகீசனுக்கு லேசாக இருந்திருக்கும். அவர் சத்தம் போடவில்லை. கண்காட்சி நடக்கும் என்று இராஜரட்ணம் தட்டுத் தடுமாறிச் சொல்லி, மன்னிப்பும் கேட்டதற்கு, "நாளை ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள், கதவைத் திறந்து வையுங்கள்" என்று மட்டும் சொன்னார். பிறகு அந்த வெள்ளை முகப் படத்தைத் தூக்கி வாகீசனின் கையில் கொடுத்தார்.

"இதை நீங்கள் கொண்டுபோங்கள். இது உங்கள் ஆட்களுடைய படம்."

*

கார் பார்க்கிங்கில் பின் சீற்றில் படத்தைப் படுக்க வைத்தார்கள். சுபாங்கி, "நான் பஸ்ஸில போறன் அண்ணை, நீங்கள் போன் எடுங்கோ" என்று சொல்லிவிட்டு நடந்தாள். யாருக்கு எடுக்கச் சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை.

மூன்றாவது மணியில் அட்சயா எடுத்தாள். "ஹலோ அப்பா, வட்ஸ் அப்?"

"பிள்ளை, போன வருசம் ஸ்ரூடியோவுக்குப் போனனியாம்."

"அந்த அங்கிள் சொன்னவரா?"

"ஓம். உன்ர படத்தை வெள்ளையாக்கச் சொன்னது நான்தான், பிள்ளை. அவராச் செய்யேல்லை. நான்தான் இன்னும் ரெண்டு படி எண்டு கேட்டனான்."

"ஐ நோ, அப்பா."

"என்னெண்டு தெரியும்?"

"அண்டைக்கு நான் கேர்ட்டினுக்குப் பின்னால சாறி மாத்திக்கொண்டு நிண்டனான். நீங்க சொன்னது கேட்டது. சிரிச்சதும் கேட்டது."

மூன்று வருடம். ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு.

"ஏனம்மா அப்பவே என்னைக் கேக்கேல்லை?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அடுத்தவர் பொய்யைப் பிடித்துச் சோறு தின்கிற மனிதர் வாயைத் திறந்தார். நல்ல பதில் ஒன்று ஆயத்தமாக வந்து நின்றது. அது பொய். அதை விழுங்கினார்.

"உன்னை வடிவாக்கத்தான் சொன்னனான் எண்டு சொல்லியிருப்பன்."

"ம்ம்" என்றாள் அட்சயா. "அதுதான் கேக்கேல்ல."